இடம் விட்டு ஆடிய ஆட்டம்

“ஆறு பேருதான் இருக்கீக.”

ரெஃபரி எங்களை ஒரு தடவை எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினார். விரல் கடைசியில் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. “ஆறுதான் சார். ஏழு பேர் இல்லாம நான் விசில் ஊத மாட்டேன்.”

ஆடி மாதத்துக் காலை. சின்னமனூரில் வாய்க்காலை ஒட்டிய எங்கள் பழைய மைதானம். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று கார்னர் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பாதி பறந்துவிட்டது. எங்கள் ஆறு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. புது ஜெர்சி தொந்திக்கு மேலே ஏறி நின்றது. எதிர்ப்பக்கம் கல்லூரிப் பெண்கள் பதினோரு பேர் முயல் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ரைட் பேக் ஜெயராமன் என் காதருகே வந்தான். “சந்திரா, அந்தப் புள்ளைககிட்ட உபரியா ஒரு கீப்பர் இருக்கு. கேட்டு வாங்கி நம்ம கோல்ல நிறுத்திருவோம். ஏழு ஆயிரும்ல?”

“பேசாம இருடா.”

“இல்லடா, ரெஃபரி கெளம்பிருவாரு.”

“கெளம்புனா கால்ல விழுவேன். நீ வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாரு.”

நானும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து வரும் ரோடு. அதில் ஒருவன் வரவேண்டும். வருவானா என்று தெரியாது. வராமல் போனால் தப்பு அவனுடையதல்ல, என்னுடையது. அதைத்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

போன வாரம் மில் கேன்டீன் சாம்பார் சண்டையைப் பாதியில் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். சாம்பார் எங்கேயும் ஓடிப்போகாது.

ஏன் ஏழு?

கால்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் அணிக்குப் பதினோரு பேர். ஆள் குறைந்தாலும் ஆடலாம். ஆனால் ஏழுக்குக் கீழே போனால் ஆட்டம் கிடையாது. சட்டம் அப்படி.

எங்கள் கிளப்புக்கு இன்னொரு சட்டம் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கூட ஆடியவன் இறந்துபோனால், அவன் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு ஓர் ஆட்டம் ஆடுவோம். அதில் அவன் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. அந்த இடம் காலியாகவே கிடக்கும். பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து போய் அடைக்கவும் கூடாது. அதற்குப் பெயர் ‘இடம் விட்டு ஆடுறது’. அந்த இடத்தின் வழியாக நமக்குக் கோல் விழுந்தால் விழட்டும். அது அவன் பேரில் விழுந்த கோல்.

இது எங்களுக்கு முந்தைய செட்டு ஆரம்பித்து வைத்தது. அவர்களுடைய லெஃப்ட் பேக் ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்துவிட்டார். அடுத்த வாரம் போடிக்காரர்களோடு ஆட்டம். மாற்று ஆள் ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். போட மனசு வரவில்லை. ‘நான் போயி அங்கன எப்படி நிக்கிறது?’ என்று அழுதிருக்கிறார். சரி, யாரும் நிற்கவேண்டாம் என்று பத்துப் பேர் ஆடினார்கள். நான்கு கோல் விழுந்தது. நான்கும் அந்தப் பக்கமாகத்தான். தோற்றுவிட்டு வந்தவர்கள் யார் முகத்திலும் வருத்தமில்லையாம்.

கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் இறந்தால் கொட்டு வைக்கிறார்கள், வேட்டுப் போடுகிறார்கள். நாங்கள் இடம் விடுகிறோம்.

நான்கு இடங்கள்

கொரோனா வந்தது. எங்கள் பதினோரு பேரில் நான்கு பேரைக் கொண்டுபோனது. நான்கு பேருக்கும் இடம் விட்டு ஆட முடியவில்லை. மைதானத்துக்குப் பூட்டு. நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ். ஒருவன் சாவுக்கும் நாங்கள் ஒழுங்காகப் போகவில்லை.

முதலில் லெஃப்ட் பேக் முருகேசன். பஸ் டிரைவர். தேனி, குமுளி ரூட்டில் இருபது வருஷம் ஓட்டினான். பிரேக்கைக் கடைசி நொடியில்தான் மிதிப்பான். பந்தை எடுப்பதும் அப்படித்தான், எதிராளி தாண்டிவிட்டான் என்று நாம் கத்தும்போது கால் நீளும்.

அப்புறம் சென்டர் ஃபார்வர்டு தங்கவேல், கோம்பைக்காரன். தலையால் முட்டினால் பந்து வலையைக் கிழிக்கும். அவன் வீட்டு நாய் எங்களில் ஒருத்தரையும் வாசல் தாண்ட விட்டதில்லை, காஜாவைத் தவிர. காஜா உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு, வெளியே நிற்கும் எங்களைப் பார்த்துக் கை ஆட்டுவான்.

கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் பாண்டி இரண்டாவது அலையில் போனான். வாழைத்தார் வியாபாரம். வாயே திறக்க மாட்டான். ஆக்சிஜன் மாஸ்க்கோடு வீடியோ காலில் வந்தான். நாங்கள் ஆளாளுக்குத் தைரியம் சொன்னோம். அவன் கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். அதுதான் கடைசி.

காஜாவைக் கடைசியாகச் சொல்கிறேன். இறந்தது அவன் கடைசியாக அல்ல, இரண்டாவதாக. ஆனால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கை நிற்கிறது.

பாஸ் சரியா, தப்பா?

காஜா உத்தமபாளையத்தில் டெய்லர். எங்கள் ரைட் விங். எங்கள் ஜெர்சி எல்லாம் அவன் தைத்ததுதான். ஏழாம் நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்துக்கொள்வான், ஏனென்றால் அது அவனுடையது.

நான் நடுவில் ஆடுபவன், கேப்டனும் நான்தான். பந்து என் காலுக்கு வந்தால் வலது பக்கம் பார்க்கவே மாட்டேன். திரும்பி, கோட்டை ஒட்டி நீளமாக அடிப்பேன். அவனும் என்னைப் பார்க்க மாட்டான். என் முதுகு திரும்பும்போதே ஓடத் தொடங்கியிருப்பான். “என் காலுக்குப் போடாத. எனக்கு ரெண்டு மீட்டர் முன்னாடி போடு, நான் வந்து எடுத்துக்கிறேன்” என்பான். டெய்லர் அல்லவா, எல்லாம் அளவுதான்.

பந்து அவனுக்குக் கிடைக்காமல் வெளியே போனால் சண்டை. “பாஸாடா இது?” என்பான் அவன். “ஏலே, நீ ஓடுனியா?” என்பேன் நான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும், நாங்கள் மைதானத்தின் நடுவே கையை ஆட்டிக்கொண்டு நிற்போம். எங்கள் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது கோல் போஸ்டில் நிற்கும் கீப்பர் பெருமாள். அங்கிருந்து எல்லாம் தெரியும் அவனுக்கு. “பாஸ் கோணல், கேப்டன்!” என்று கத்துவான். பெரும்பாலும் அதுதான் தீர்ப்பு. எப்போதாவது அதிசயமாக, “பாஸ் சரிதான் கேப்டன்! அவன்தான் ஓடலை!” என்று வரும். அன்றைக்கு நான் காஜாவை வீடு வரைக்கும் கேலி செய்துகொண்டே போவேன்.

தீர்ப்பு வந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. பெருமாள் பொய் சொல்ல மாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மணி அடித்த போன்

இந்தத் தொடரில் இதுவரை என்னை வீரனாகத்தான் எழுதியிருக்கிறேன். மில்லில் மேனேஜரை எதிர்த்தது, வெள்ளத்தில் ஆற்றைக் கடந்தது, எல்லாம். இந்த வாரம் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறேன்.

காஜா இறந்த மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக் கூடம். போன் மேஜை மேல் அடித்தது. பெருமாள் பேர். நான் எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அடித்தது.

எனக்குத் தெரியும், எதற்கு என்று. காஜா ராத்திரியே போய்விட்டான் என்று ஜெயராமன் சொல்லியிருந்தான். காஜா வீட்டம்மாவை வீட்டை விட்டு வரக்கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்கள். மகள்கள் இருவரும் வெளிநாட்டில். ஆஸ்பத்திரியில் போய்க் கையெழுத்துப் போட்டு உடலை வாங்க ஆள் இல்லை. பெருமாள் போயிருக்கிறான். தூக்குவதற்கு ஆள் போதவில்லை.

மூன்றாவது தடவை போன் அடித்தபோது என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “போன் அடிக்குதே, எடுங்க.”

“ராங் நம்பரு.”

அவள் போனை எட்டிப் பார்த்தாள். பெருமாள் என்று கொட்டை எழுத்தில் மின்னுகிறது. என்னைப் பார்த்தாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நான் பெருமாளைக் கூப்பிட்டேன். “போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சுடா. இப்பத்தான் பாக்குறேன்” என்றேன். “சரி” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் கேட்டபோது, சரோஜாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் வெளியே போகவில்லை என்றும் சொல்லி வைத்தேன். ஒரு பொய் போதாதென்று இரண்டாவது பொய், அதுவும் பெண்டாட்டி தலையில்.

ஆடியே தீருவது

வருஷங்கள் போயின. மைதானத்தைத் திறந்தார்கள். கல்யாணம், திருவிழா எல்லாம் பழையபடி நடக்கிறது. நான்கு பேருக்கும் நாங்கள் இடம் விடவே இல்லை. யாரும் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் யார் யார் சாவுக்குப் போகவில்லை என்று கணக்கு வரும். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஒருநாள் காலை எழுந்ததும் தோன்றியது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. படி ஏறும்போது முட்டி சத்தம் போட்டது. இன்னும் இரண்டு வருஷம் போனால் ஏழு பேரும் இருக்க மாட்டோம், அல்லது இருந்தாலும் ஓட மாட்டோம். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஆட்டம். நான்கு இடம் விட்டால் மீதி ஏழு. சட்டத்துக்கு மிகச் சரியாக ஏழு. ஒருத்தன் குறைந்தாலும் ஆட்டம் இல்லை.

போனைப் போட்டேன். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எங்கள் லெஃப்ட் விங் தாமஸ், “ஞான் வரும் கேப்டா. கால் முட்டு வரலைன்னாலும் ஞான் வரும்” என்றான். ஜெயராமன் டாக்டரிடம் சொல்லாமல் வருகிறேன் என்றான். ஏற்கெனவே இந்தத் தொடரில் வந்த மற்ற மூன்று பேரும் சரி என்றார்கள். பெருமாளிடம் ஜெயராமனைப் பேசச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“சந்திரன் ஆடுற ஆட்டத்துக்கு வரமாட்டேங்கிறான்டா. என்னடா செஞ்ச அவனை?”

“ஒண்ணும் செய்யலை. அதான் விசயம்” என்றேன்.

சரோஜாவிடம் சொன்னேன். “அறுபத்தி மூணு வயசுல ஓடி விழுந்து வந்தீகன்னா யாரு தைலம் தேய்க்கிறது?” என்று ஆரம்பித்தவள், பெருமாள் பேரைக் கேட்டதும் நிறுத்தினாள். “போயி நேருல சொல்லுங்க. என் சர்க்கரையாலதான் போகலைன்னு இன்னொரு தடவை சொன்னீக, அப்புறம் நடக்குறதே வேற” என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

வரப்பில்

மார்க்கையன்கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். நாற்று நடவுக்கு வயல் தயாராகிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பெருமாள் மனைவி பாக்கியம் நின்றாள்.

“வாங்கண்ணே. அங்கன வரப்பு வெட்டிக்கிட்டு இருக்காக. கோவமாப் பேசுனாகன்னா மனசுல வச்சுக்கிறாதீக.”

பெருமாளுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. மண்வெட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை ஒரு காலத்தில் எத்தனை பந்துகளைப் பிடித்தது! நான் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

“பெருமாளு.”

மண்வெட்டி நிற்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆட்டம் வச்சிருக்கோம்.”

“ஜெயராமன் சொன்னான்.”

“நீ வரணும்.”

“வரமாட்டேன்னு சொன்னேனே, அதை அவன் சொல்லலையா?”

“சொன்னான். அதான் வந்தேன்.”

இரண்டு வெட்டு வெட்டினான். அப்புறம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். “போன் செத்துக் கெடந்துச்சுன்னியே, யாருக்குடா காது குத்துற? அப்ப யாருக்குப் போன் போட்டாலும் மொதல்ல ஒருத்தன் இருமுவான், கையைக் கழுவுன்னு சொல்லுவாக, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மூணு தடவை அந்த இருமலைக் கேட்டேன். மூணு தடவையும் அது முடிஞ்சு மணி முழுசா அடிச்சு ஓஞ்சுச்சு. செத்த போனுக்கு மணி அடிக்குமா?”

இத்தனை வருஷம் என் பொய் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சொன்ன அன்றைக்கே உடைந்திருக்கிறது.

“போன் ஆன்லதான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாலதான் அடிச்சுச்சு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பயம்டா. சரோஜாவுக்காக எல்லாம் இல்லை. எனக்கு, என் உசிருக்குப் பயம்” என்றேன்.

பெருமாள் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டை விரலால் வழித்து எறிந்தான்.

“பயம் எனக்கும்தான் இருந்துச்சு. பயமில்லாமயா போனேன்? எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு. மார்க்கையன்கோட்டையில இருந்து நான் போனேன். பக்கத்துல இருக்கிற அல்லிநகரத்துல இருந்து நீ வரலை.”

“ஆமா.”

“பள்ளிவாசல்ல இருந்து ரெண்டு பேரு வந்தாக. நான் ஒருத்தன். நாலாவது ஆளு இல்லை. கடைசியில ஆம்புலன்ஸ் டிரைவர் பிடிச்சாரு, யாரு பெத்த புள்ளையோ. அம்புட்டு வேகமா ஓடுனவன், தூக்குனா அம்புட்டு கனம்டா.” முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். “குழியில எறக்குறப்ப கயிறு எம் பக்கம் வழுக்கிருச்சு. விட்டுருவேனோன்னு பயந்து போனேன். அப்பவும் உன்னையத்தான் வைதேன்.”

நான் அழுதேன். வரப்பில் நின்றுகொண்டு, பக்கத்து வயலில் நாற்று நட வந்த பெண்கள் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

“இப்ப எதுக்கு வந்த? மன்னிப்புக் கேக்கவா, கீப்பர் கேக்கவா?”

“ரெண்டுக்கும்தான். மன்னிப்பு உன் இஷ்டம். அது கெடைக்கலைன்னாலும் நீ கீப்பரா வரணும்.”

“எகத்தாளத்தைப் பாரு” என்று மண்வெட்டியை எடுத்தான். “போ. தண்ணி வர்ற நேரம்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெட்டத் தொடங்கிவிட்டான். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே வந்துதான் கவனித்தேன்.

ஏழாவது ஆள்

இப்போது மறுபடியும் மைதானம். ஆறு பேர், ஒரு ரெஃபரி, அடங்காத காற்று. வேப்பமரத்தடியில் நான்கு வீட்டாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

“இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாக்குறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீக” என்றார் ரெஃபரி.

“அந்தப் புள்ளையக் கீப்பரா...” என்று ஜெயராமன் மறுபடியும் ஆரம்பித்தான்.

“கேளுடா. செத்தவன் இடத்தைக் காலியா விடுறோம். உசிரோட இருக்கிறவன் இடத்துல ஆளை நிறுத்துனா அவனுக்கு என்னடா மரியாதை? அவன் வர்ற வரைக்கும் நிப்போம். வரலைன்னா அடுத்த ஞாயிறு வந்து நிப்போம். அதுக்கு அடுத்த ஞாயிறும் நிப்போம்.”

“ரெஃபரி?”

“அவரும் நிப்பாரு.”

எதிரணிக் கேப்டன் கார்த்திகா வந்தாள். “அங்கிள், நாங்க கொஞ்சம் மெதுவா ஆடணுமா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“மெதுவா ஆடுறதுன்னா வீட்டுக்குப் போயிரும்மா” என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது நிமிஷமோ என்னவோ, தாமஸ்தான் முதலில் பார்த்தான். காற்றை எதிர்த்துத் திணறிக்கொண்டு ஒரு மொபெட். ஹேண்டில்பாரில் இரண்டு கிளவுஸ் தொங்கின. பெருமாள் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினான். சட்டையைக் கழற்றினான். உள்ளே பழைய ஜெர்சி, காஜா தைத்தது, அக்குளில் ஒட்டுப் போட்டது. யாரிடமும் பேசவில்லை. என்னைத் தாண்டி நேராகக் கோல் போஸ்டுக்குப் போய், கம்பத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு நின்றான்.

“ஏழு” என்றார் ரெஃபரி. விசில் ஊதினார்.

ஆட்டம்

பாதிக்கு இருபது நிமிஷம் என்று பேச்சு. சென்டர் ஃபார்வர்டு இடம் காலி என்பதால் பந்தை நானே தொடங்கி வைத்தேன். அதோடு பந்து எங்கள் கையை விட்டுப் போனது. அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் எங்களுக்குத் தலை சுற்றியது.

முதல் கோல் இடது பக்கமாக வந்தது. அங்கே முருகேசன் நிற்கவேண்டிய புல்தரை சும்மா கிடந்தது. நகர்ந்து அடைக்கக் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோலுக்குள் கிடந்த பந்தைப் பொறுக்கிக்கொண்டே பெருமாள் சத்தமாகச் சொன்னான்: “முருகேசன் பேருக்கு ஒண்ணு!” மரத்தடியிலிருந்து முருகேசன் மகள் கை தட்டினாள். அப்புறம் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

பாண்டி பேருக்கு மூன்று விழுந்தது. பாண்டி இருந்திருந்தால் இதற்காகவே ஒரு மாதம் எங்களோடு பேசியிருக்க மாட்டான். அவன் பேசாதது யாருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் பாதியில் ஜெயராமன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். விழுந்தவன் வலியில் கோட்டுப் பக்கமாக உருண்டான். வெளியே போய்விட்டால் ஆறு பேர். ஆட்டம் முடிந்தது.

“ஏலே, உருளாதடா! உள்ளயே கெட!” என்று நாங்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“செத்துருவேன்டா!”

“செத்தா உனக்கும் இடம் விடுவோம். இப்ப உள்ள உக்காரு!”

ரெஃபரி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். ஜெயராமன் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பந்து பக்கத்தில் வந்தால் மற்றக் காலை நீட்டினான். அப்படியே மீதி ஆட்டம் முழுக்க எங்கள் ரைட் பேக் உட்கார்ந்தே ஆடினான்.

கடைசி மூன்று நான்கு நிமிஷம் இருக்கும். கார்த்திகா அடித்த பந்தைப் பெருமாள் குதித்துப் பிடித்தான். அறுபத்தைந்து வயசில் அந்தக் குதி! எழுந்தவன் சுற்றிலும் பார்த்தான். அதுவரைக்கும் பந்தைத் தாமஸுக்கும் மற்றவர்களுக்கும்தான் எறிந்துகொண்டிருந்தான். எனக்கு ஒரு தடவைகூட எறியவில்லை. இந்தத் தடவை நேராக என் காலுக்கு உருட்டிவிட்டான்.

பந்து காலில் பட்டது. திரும்பினேன். தலையைத் தூக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. வலது கோட்டை ஒட்டி, இரண்டு மீட்டர் முன்னால், நீளமாக அடித்தேன்.

அடித்த பிறகுதான் உறைத்தது.

பந்து காற்றில் ஏறி வளைந்து, நான் நினைத்த இடத்திலேயே விழுந்தது. அங்கே யாரும் இல்லை. எதிரணிப் பெண்கள்கூட அந்தப் பக்கம் அசையவில்லை. பந்து ஒரு தடவை எம்பியது, இன்னொரு தடவை எம்பியது, கோட்டைத் தாண்டிப் போய் ஓரமாக நின்றிருந்த சைக்கிள்களுக்கு நடுவே நின்றது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவனுக்குப் பாஸ் போட்டிருக்கிறேன். நியாயமாக அவன் கத்தவேண்டும், பாஸாடா இது என்று. கண்ணில் கோடு, கொடி, மரம் எல்லாம் கலங்கிவிட்டது. மரத்தடியில் காஜா வீட்டம்மா நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது.

அப்போது பின்னால் கோல் போஸ்டிலிருந்து சத்தம் வந்தது. காற்றையும் மீறி மைதானம் முழுக்கக் கேட்டது.

“பாஸ் சரிதான் கேப்டன்! அவன்தான் ஓடலை!”

பெருமாள் பொய் சொல்ல மாட்டான்.

பந்து வெளியே, த்ரோ அவர்களுக்கு. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் இடத்துக்கு ஓடினேன்.